பன்னிரண்டாம் வரிசையில் இரண்டு ஜன்னல்

காதல் கடிதம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். கதவுக்கு அடியில் கிடந்த அந்த வெள்ளை உறையிலிருந்து தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை ஆளைத் தூக்கியது. நைரோபி லுத்துலி அவென்யூவில், டிவி ரிப்பேர் கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்துக்கு யார் வாசனையோடு கடிதம் போடுகிறார்கள்? எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"பல்லைக் காட்டாம பிரி, முசியோகி" என்றார் நெகேசா மேடம்.

ஜெருஷா நெகேசா, என் முதலாளி. பதினெட்டு வருஷம் போக்குவரத்து போலீஸில் சார்ஜென்ட். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. இன்னமும் அவர் நடுத்தெருவில் உள்ளங்கையைத் தூக்கினால் மட்டாட்டு வேன்கள் கிறீச்சிட்டு நிற்கும். நான் தூக்கினால் என் மேல் ஏற்றிவிட்டுப் போகும்.

உறைக்குள் காதல் இல்லை. ஒரு தாளும், ஒரு கடை அட்டையும் இருந்தன. வாசனை அட்டையில்தான். 'பெரில் சலூன், கென்யாட்டா மார்க்கெட். பின்னினால் ஒரு மாதம் அசையாது.' தாளில் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மூன்றே வரி, அளவெடுத்த மாதிரி நேராக.

விசாரணை இன்று 12.00. உபேபோ ஏர் தலைமை அலுவலகம், எம்பகாசி.
இருக்கை 12ஏ, 12எஃப். இருவரையும் கேட்கவும்.
நசேரியானின் உரிமம் பறிபோகக் கூடாது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு குட்டிக் கட்டம் வேறு.

"என்ன மேடம் இது, மளிகை லிஸ்டா?"

"மளிகை லிஸ்ட்ல யாருடா உரிமத்தை எழுதுவா? நசேரியான்னா அந்த விமானிப் பொண்ணுதானே?"

அவளேதான். ஊரே ஒரு வாரமாக அந்தப் பேச்சுதான். போன வியாழக்கிழமை உபேபோ ஏர் விமானம் கிசுமு போகிற வழியில் ஆலங்கட்டி மழையில் மாட்டியது. விமானத்தைத் தானாக ஓட்டுகிற கருவி கையை விரித்துவிட்டது. வேகம் காட்டும் திரைகள் ஆளுக்கு ஒரு எண் சொல்லின. கேப்டன் எலிஜா கருகு, ஐம்பத்தெட்டு வயது, பத்தொன்பதாயிரம் மணி நேரம் பறந்தவர், வெறுங்கையால் ஓட்டிக் கொண்டுவந்து பத்திரமாக இறக்கினார். பூச்செண்டு, பேட்டி, பத்திரிகையில் முழுப்பக்கப் படம். துணை விமானி நசேரியான் லெமாஷோன் பயத்தில் தவறான பொத்தானை அழுத்தியதால்தான் கருவி அணைந்தது என்று கம்பெனி சொன்னது. இன்று விசாரணையில் அது உறுதியானால் அவள் இனி பட்டம்கூட விட முடியாது.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"விமானத்தை ஓட்டினதே நான்தான்னு சொல்லுது. யாரும் காதுல போட்டுக்கல." மேடம் சுட்ட சோளத்தின் கடைசி வரிசையைக் கடித்துவிட்டு எழுந்தார். "மணி பத்தரை. பன்னெண்டுக்குள்ள எம்பகாசியில இருக்கணும். அதுக்கு முன்னாடி உனக்குத் தலை பின்னணும், வா."

"எனக்கா? இருக்கிறதே நாலு முடி, மேடம்!"

கென்யாட்டா மார்க்கெட்டில் பெரில் சலூனைக் கண்டுபிடிக்க அட்டை தேவையே இல்லை, பெரிலின் குரல் போதும். பெரில் ஒரு பெண்ணின் தலையில் பாதியைப் பின்னி முடித்திருந்தார். மீதிப் பாதி நட்டுக்கொண்டு நின்றது. தட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய கணவர் ஓகுட்டு ஆட்டிறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். புகையும் சண்டையும் தட்டியைத் தாண்டி இரண்டு பக்கமும் போய்வந்தன.

"அந்த விமானமா? உக்காருங்க, உக்காருங்க!" பெரிலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நான் பன்னெண்டு எஃப். இந்த மனுஷன் பன்னெண்டு ஏ. எனக்கும் ஜன்னல் வேணும், அவருக்கும் ஜன்னல் வேணும். சரி போய்த் தொலைன்னு ஆளுக்கொரு பக்கம் உக்காந்துட்டோம். நடுவுல இருந்தவங்க தலைக்கு மேலதான் பேசிக்கிட்டோம்."

"பேசல. கத்தினா" என்றது புகை.

"நீங்க சும்மா இருங்க! செத்துருவோம்னு நெனச்சு என் தங்கச்சிக்குப் போன்ல உயில் பேசிக்கிட்டிருந்தேன். முடி காய வைக்கிற மிஷின் உனக்கு, கண்ணாடி அம்மாவுக்குன்னு."

"எனக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் எழுதல. நீங்களும்தான் கூட சாகப் போறீங்களே!"

பாதித் தலைப் பெண் சிரித்து, பின்னல் இழுத்து, ஐயோ என்றாள். மேடம் மெல்லக் கேட்டார். "இறங்குறதுக்கு முன்னாடி ஜன்னல்ல என்ன தெரிஞ்சுது?"

"ரன்வே! என் மூக்குக்குக் கீழ! மழை விட்டிருந்துச்சு. ரன்வேயில மாரபு நாரை கூட்டமா உக்காந்திருந்துச்சு, கல்யாணத்துக்கு வந்த கிழவனுங்க மாதிரி. விமானம் தாழ வந்துச்சு, எறங்கல, பக்கத்துலயே உர்ருன்னு பறந்து அதுங்களை வெரட்டுச்சு. அப்புறம் ஒரு சுத்து சுத்தி வந்து எறங்குச்சு. சுத்தின அத்தனை நேரமும் ரன்வே என் கண்ணை விட்டுப் போகல."

"பொய்!" ஓகுட்டு கத்தியோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார். நான் மேடத்துக்குப் பின்னால் போய் நின்றேன். "ரன்வேயே கிடையாது! நானும் ஜன்னல்லதான் ஒட்டிக்கிட்டிருந்தேன். மொதல்ல ரியாட் குன்று. அப்புறம் ஏரி. ஏரி பூரா ஆகாயத்தாமரை. எனக்கு நீச்சல் வேற தெரியாது. கடைசி வரைக்கும் ஒரு அடி தாரைக்கூட நான் பாக்கல."

"ஒரு வாரமா இதே சண்டை. விமானத்துக் கதவுகிட்டயே ஆரம்பிச்சாச்சு" என்றார் பெரில். "கேப்டன், பணிப்பெண், எல்லாரும் நின்னு வேடிக்கை பாத்தாங்க. நான் எல்லாருக்கும் ஒரு அட்டை குடுத்துட்டு வந்தேன்."

"ஒருத்தர் புளுகுறாங்க, மேடம்" என்றேன் அவர் காதில்.

"இல்லடா. ரெண்டு பேரும் நிஜம் சொல்றாங்க. அதான் விசேஷம்."

பெரிலின் போனைப் பார்த்தோம். முதலில் ஆலங்கட்டி கூரையில் படபடவென்று விழுகிற சத்தம், கூடவே உயில். நன்றாக ஒரு நிமிஷம் கழித்துத்தான் விமானம் தூக்கிப் போட்டது, அலறல் கிளம்பியது. அப்புறம் குலுங்கிக் குலுங்கி ஜன்னல், ஈரமான ரன்வே, பறக்கிற நாரைகள். முழுவதையும் என் போனுக்கு வாங்கிக்கொண்டேன். ஓகுட்டு சொன்னதையும் பதிவு செய்துகொண்டேன். மேடம் கடிதத்தை எடுத்து இரண்டாவது கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

வெளியே வந்ததும் பொறுக்க முடியவில்லை. "எனக்கு ஒண்ணும் புரியல, மேடம்."

"மட்டாட்டு மோதினதும் டிரைவரும் கண்டக்டரும் என்ன பண்ணுவாங்க?"

"ஓடிருவாங்க."

"ஓட முடியலைன்னா? இடம் மாறி உக்காந்துப்பாங்க. நான் ஓட்டல, இவன்தான் ஓட்டினான்னு சாதிப்பாங்க. நான் அவனுங்க மூஞ்சியையே பாக்க மாட்டேன், ரோட்டைப் பாப்பேன். குழியைச் சுத்திப் போற தடம் எந்தப் பக்கம் இருக்குன்னு பாப்பேன். ஓட்டுறவன் குழியைத் தன் ஜன்னல் பக்கமா வச்சுக்கிட்டுத்தான் சுத்துவான். கண்ணுக்குத் தெரியாத பக்கத்துல யாராவது குழியை விடுவாங்களா?" அவர் ஒரு மோட்டார் பைக் டாக்ஸியை உள்ளங்கையால் நிறுத்தினார். "அந்த விமானத்துக்குக் குழி, ரன்வேயில இருந்த நாரை. அது கடைசி வரைக்கும் எஃப் பக்கமே இருந்துச்சு. எஃப் எந்தப் பக்கம்?"

"வலது."

"கேப்டன் எந்தப் பக்கம் உக்காருவார்?"

கேப்டன் உட்காருவது இடது பக்கம் என்று பொம்மை விமானம் விற்கிறவனுக்குக்கூடத் தெரியும். வலது பக்கம் துணை விமானி.

ஒரே பைக்கில் மூன்று பேர். நடுவில் நான். மொம்பாசா ரோடு நெரிசலில் பைக் ஓட்டுகிறவன் நடைபாதை, சாக்கடை ஓரம், ஒரு பெட்ரோல் பங்க் என்று எல்லாவற்றுக்குள்ளும் புகுந்தான். பழைய சார்ஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது உபேபோ ஏர் வாசலில் குதித்து, மூச்சிரைக்க, "விசாரணை எந்த மாடி?" என்றேன்.

காவலாளி தேநீரை ஊதிக்கொண்டே சொன்னான். "மூணாவது மாடி. மூணு மணிக்கு."

"மூணா? பன்னெண்டுன்னு எழுதியிருக்கே!"

"எழுதினவர்கிட்ட போய்ச் சண்டை போடுங்க, சார்."

"ஒருவேளை சுவாஹிலி மணியா இருக்குமோ, மேடம்?" நாங்கள் பகலை விடியலிலிருந்து எண்ணுகிற ஜனம். காலை ஏழு மணி எங்களுக்கு ஒன்று. "அந்தக் கணக்குல பன்னெண்டுன்னா சாயங்காலம் ஆறாயிடும். எப்படிக் கூட்டிக் கழிச்சாலும் மூணு வரல. அந்த ஆளுக்கு மணி பாக்கவே தெரியல!"

மேடம் கடிதத்தைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். அப்படிச் சுருக்கினால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஆறு வருஷ ஒப்பந்தம்.

கேன்டீனில் மூலை மேசையில் தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சீருடை இல்லை. எதிரே உகாலி என்கிற சோளமாவுக் களியும் கீரையும் ஆறிக் கிடந்தன. உயரமான, ஒல்லியான, அழுது முடித்த முகம். மேடம் எதிரே உட்கார்ந்தார்.

"நசேரியான், நாங்க உன் பக்கம். என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

"எத்தனை தடவை சொல்றது?" என்றாள். அப்புறம் சொன்னாள். "ஆலங்கட்டி அடிச்சு, வேகத்தை அளக்குற குழாய் அடைச்சுக்கிச்சு. கருவி தானா விலகிருச்சு. நான் எதையும் தொடல. அன்னைக்கு ஓட்ட வேண்டிய முறை கேப்டனோடது. அவர் ஓட்டணும். ஆனா அவர் கை ரெண்டும் முழங்கால் மேல இருந்துச்சு."

"முழங்கால் மேலயா?"

"அசையல. திரையையே பாத்துக்கிட்டிருந்தார். எங்களுக்கு ஒரு விதி இருக்கு. ஒருத்தர் விடும்போது 'விமானம் உன் கையில்'னு சொல்லணும். வாங்குறவர் 'விமானம் என் கையில்'னு சொல்லணும். சொல்லாம கை மாறக் கூடாது. நான் மூணு எண்ணினேன். அவர் சொல்லல. நானே எடுத்துக்கிட்டேன்."

"பயமா இல்லையா?" என்றேன்.

முதல் முறையாக லேசாகச் சிரித்தாள். "இங்க வர்றதுக்கு முன்னாடி ஆறு வருஷம் வில்சன் ஏர்போர்ட்லருந்து ஜனங்க மெல்லுற மிரா போதை இலை ஏத்திக்கிட்டுப் பறந்தேன், சார். இலை வாடுறதுக்குள்ள போய்ச் சேரணும். மண்ணு ரன்வே. தானா ஓட்டுற கருவி எல்லாம் கண்ணால பாத்ததில்ல. எறங்குற எடத்துல ஒட்டகம் நிக்கும். முதல்ல ஒரு தடவை பக்கத்துல தாழப் பறந்து வெரட்டிட்டு, சுத்தி வந்து எறங்குவோம். அன்னைக்கு நாரையைப் பாத்ததும் கை பழைய பழக்கத்துல அதையே செஞ்சிருச்சு. பெரிய விமானத்துல யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. கேப்டனுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது."

"பத்தொன்பதாயிரம் மணி நேரம் பறந்தவராச்சே?"

"பறந்தார். ஓட்டினது மெஷின். இங்க கையால ஓட்டினா எண்ணெய் வீணுன்னு மெமோ குடுப்பாங்க. மேல ஏறின ஒரு நிமிஷத்துல கருவியைப் போட்டுறணும், எறங்குறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிதான் எடுக்கணும். பதினோரு வருஷமா அவர் அந்த விதியை ஒருநாளும் மீறல. நல்ல மனுஷன், மேடம். தினமும் அவர் டப்பாவுலருந்து எனக்கு மண்டாசி பலகாரம் எடுத்து வைப்பார். அவர் இப்படிச் செய்வார்னு..." தட்டைத் தள்ளி வைத்தாள். "பேச்சைப் பதியுற பெட்டியில இருந்ததும் அழிஞ்சு போச்சு. கைப்பிடி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சது, யார் பிடிச்சாலும் ரெண்டும் ஆடும். நான்தான்னு எப்படிக் காட்டுறது?"

"காட்டலாம்" என்றார் மேடம். "பெரில்னு ஒரு சலூன்காரியைத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"நீதானே எங்களுக்குக் கடிதம் போட்டே?"

"நானா? உங்களையே இப்பத்தான் பாக்குறேன்."

மேடத்தின் கண் அவள் மணிக்கட்டில் நின்றது. "கடிகாரம் ஓடலையா? ஒம்பதேகால் காட்டுது."

என் போனில் பன்னிரண்டேகால்.

"ஓடுது, மேடம். விமானிங்களுக்கு உலகம் பூரா ஒரே மணி, லண்டன் பக்கத்துக் கணக்கு. நம்ம நேரத்துக்கு மூணு மணி குறைவு. எங்க காகிதம் எல்லாத்துலயும் அதைத்தான் எழுதுவோம். பழகிப் போச்சுன்னா பால்காரன் கணக்குலகூட அதே வந்துரும்."

மேடம் கடிதத்தை மேசைமேல் வைத்து, முதல் வரியில் விரலை ஊன்றினார். பன்னிரண்டு. அதோடு மூன்று. பகல் மூன்று மணி.

"அப்போ மணி பாக்கத் தெரியாத ஆள்..." என்று ஆரம்பித்தேன்.

"ரொம்ப நல்லாத் தெரிஞ்ச ஆள்" என்றார் மேடம். "சாப்பிடு, நசேரியான். மூணு மணி வரைக்கும் வெறும் வயித்தோட இருக்காதே."

மூன்றாவது மாடி அறையில் நீள மேசை. அதன் தலைப்பக்கத்தில் அரசாங்கத்து விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட அம்மாள். ஒரு பக்கம் கம்பெனியின் மேலாளர் ஓமோண்டி, வழவழவென்ற கோட்டும் வழவழவென்ற பேச்சும். அவருக்குப் பக்கத்தில் கேப்டன் கருகு. பத்திரிகைப் படத்தில் இருந்ததைவிடப் பாதியாகத் தெரிந்தார். நசேரியானுக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்று விதி இருந்தது. மேடம் வந்தார். நான் மேடத்தின் பையைத் தூக்குகிறவன் என்று உள்ளே நுழைந்தேன். பையில் சோளக்கட்டைதான் இருந்தது.

ஓமோண்டி அறிக்கையைப் படித்தார். துணை விமானி பதற்றத்தில் பொத்தானை அழுத்தினார். கேப்டன் உடனே விமானத்தைக் கையில் எடுத்தார். கடைசி வரை அவரே ஓட்டினார். கீழே கேப்டனின் கையெழுத்து.

மேடம் வீடியோவை ஓடவிட்டார். "ஆலங்கட்டி முதல்ல. ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் தூக்கிப் போடுது. பயந்து அழுத்தியிருந்தா உடனே தூக்கிப் போட்டிருக்கும், இது குழாய் அடைக்கிற நேரம். பொத்தான் கதை இங்கேயே முடிஞ்சுது." அப்புறம் ஜன்னல், ரன்வே, நாரை. ஓகுட்டுவின் ஆகாயத்தாமரை. கடைசியில் குழியும் மட்டாட்டும். அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

ஓமோண்டி அசரவில்லை. "அற்புதம். ஒரு சலூன்காரம்மா, ஒரு கறிக்கடைக்காரர், ஒரு பழைய டிராஃபிக் போலீஸ். இவங்களை வச்சு ஒரு கேப்டனோட கையெழுத்தைப் பொய்யாக்கப் பாக்குறீங்க. வலது பக்கமா சுத்தணும்னு கேப்டனே நெனச்சிருக்கலாமே? என்ன கேப்டன்?"

கேப்டன் தண்ணீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் மேசைக்குக் கீழே, முழங்கால் மேல். நசேரியான் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேடம் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சார்ஜென்ட் நெகேசா பொய்க்காரர்களை விடுகிற ரகமில்லை. அவரோ எழுந்து, சுற்றிப் போய், கேப்டனுக்கு முன்னால் அந்தக் கடிதத்தை வைத்தார். மேலே ஒரு பேனாவையும்.

"முதல் கட்டத்தை இப்ப போட்டுட்டேன், கேப்டன். விசாரணைக்கு வந்தாச்சு. மூணு மணி நேரம் முன்னாடியே வந்துட்டோம், அது உங்க கடிகாரத்தோட தப்பு. ரெண்டாவதும் ஆச்சு. மூணாவதை என்னால போட முடியல. அது எழுதினவர்தான் போடணும்."

ஓமோண்டி எட்டிப் பார்த்தார். "என்னது அது? கேப்டன், இதை நீங்களா எழுதினீங்க?"

மேடம் குரலைத் தாழ்த்தினார். "நீங்க பொய் சொன்னதைக் கண்டுபிடிக்கச் சொல்லி நீங்களே ஆள் வச்சீங்க. கண்டுபிடிச்சாச்சு. இனிமே என்ன?"

கேப்டன் குவளையிலிருந்து கண்ணை எடுத்தார். பேசியபோது அந்தக் குரல் எங்கள் யாருக்கும் இல்லை, எதிரே இருந்தவளுக்கு.

"கதவைத் திறந்தாங்க, கேமரா நின்னுச்சு, பூச்செண்டைக் கையில குடுத்துட்டாங்க. அப்பவே சொல்லியிருக்கணும். வெக்கம், நசேரியான். கருவி விட்டதும் என் கைக்கு என்ன செய்யணும்னே தெரியல. ஒரு வருஷமா ரெண்டு வருஷமா, பதினோரு வருஷம் தொடாத கை. மறுநாள் காகிதத்தை நீட்டினாங்க, கையெழுத்துப் போட்டேன். அன்னைலருந்து தூங்கல. அந்தப் புருஷன் பொண்டாட்டி சண்டை காதுலயே நின்னுச்சு. யாராவது கேட்டா தெரிஞ்சுடும்னு தோணுச்சு. நானா சொல்றதுக்குத்தான் தைரியம் வரல."

"கேப்டன், யோசிச்சுப் பேசுங்க" என்றார் ஓமோண்டி. வழவழப்பு போய்விட்டிருந்தது. "உங்க உரிமம் போயிரும்."

"போகட்டும். போன வியாழக்கிழமையே போயிருக்கணும்."

அவர் பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டார். கோடு கட்டத்துக்கு வெளியே போனது. அப்புறம் இரண்டு கையையும் மேசைமேல் எல்லோருக்கும் தெரிய வைத்து, அவளை நேராகப் பார்த்தார். அன்றைக்கு ஆகாயத்தில் சொல்லாமல் விட்டதைச் சொன்னார்.

"விமானம் உன் கையில்."

அதிகாரி அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். நசேரியானின் கண் நிறைந்து வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"விமானம் என் கையில், கேப்டன்."